குழாய்க்குள் கம்பி எண்ணிய பெருந்தகைக்கு

இலோயிலோ நகரத்து மகப்பேற்று மருத்துவமனையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் மின்பணி ஆற்றி, மேலோர் மிரட்டினாலும் மனம் தளராது, இன்று ஓய்வு பெறும் நாங்கள் அண்ணன் என்னும் பொருளில் மனோங் என்றழைக்கும் எங்கள் மூத்தவரே, மாண்பு மிக்க மனோங் அன்செல்மோ பல்மாரெஸ் அவர்களே! வணக்கம்.

எரியாமல் நிற்கும் கட்டடத்தை எந்த வாயால் பாடுவது? ஆகவே, நடந்த ஒன்றை நாலு பேர் அறியச் சொல்லிவிடுகிறோம்; கூச்சப்பட்டு எழுந்து போய்விடாதீர்கள்!

ஆறு ஆண்டுகளுக்கு முந்தைய ஏப்ரல். வெயில் மண்டையைப் பிளந்தது. புதிய பிரசவக் கூடத்துக்கு இரண்டு குளிர்சாதனங்கள் வந்தன. சுவரில் ஓடிய பழைய குழாயில் ஆறு கம்பிகள் இருந்தன. ஒப்பந்தக்காரர் மேலும் நான்கை நுழைத்துவிட்டார். ஒரு வாரம் ஓடவிட்டுப் பார்த்தார்கள். கூடம் குளுகுளுவென்று ஆயிற்று. தாங்களோ குழாயில் உள்ளங்கையை வைத்தீர்கள், சுரீரென்று எடுத்தீர்கள், மின்பாதுகாப்புச் சான்றில் கையெழுத்திட மாட்டேன் என்றீர்கள்.

"குழாயில இன்னும் இடம் இருக்கே, மனோங்! ஜீப்னி வண்டியில பத்தாவது ஆள் ஒண்டிக்கிறதில்லையா?" என்றார் ஒப்பந்தக்காரர்.

"அவனுக்கு வேர்த்தா இறங்கிக் காத்து வாங்குவான். கம்பி எங்க இறங்கும்?" என்றீர்கள்.

மூன்று கம்பிகள் சேர்ந்து ஓடினால் முப்பது ஆம்பியர் தாங்கும். அதே கம்பிகள் பத்தாகிவிட்டால், ஒன்றின் சூடு ஒன்றைச் சுட்டு, பதினைந்துதான் தாங்கும். அன்று ஓடியதோ இருபத்திரண்டு. முப்பதுக்கு வைத்த பிரேக்கர் ஏன் விழப்போகிறது? அது நிம்மதியாகத் தூங்கிற்று, தாங்கள் தூங்கவில்லை.

"பழைய கூடத்துல பிள்ளைங்க வெயில்ல வேகுது, நீங்க கம்பி எண்ணிக்கிட்டு நிக்கிறீங்களே!" என்று சீறினார் தலைமைச் செவிலி.

"இப்ப நான் எண்ணலேன்னா, அப்புறம் நாம எல்லாரும் ஜெயில்ல கம்பி எண்ணணும், தாயி" என்றீர்கள்.

சிரித்தோம். சிரித்ததோடு விட்டோமா? "பிடிவாதக்காரர், திறப்பு விழாவைக் கெடுக்கிறார், வேறு ஆளைப் போடுங்கள்" என்று ஊழியர்கள் நாங்கள் முப்பத்தோரு பேர் மனு எழுதிக் கையெழுத்திட்டோம். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து, இல்லையேல் வேலை இல்லை என்றது நிர்வாகம். மூன்று பிள்ளைகளின் தகப்பனான தாங்கள், வியாழன் காலை எங்கள் அனைவரையும் அழைத்து வைத்துக் கம்பிகளை உருவிக் காட்டினீர்கள். மேலுறை இளகி, ஒன்றோடொன்று ஒட்டி, பழுப்பேறிக் கிடந்தன. வேறொரு குழாய் பதித்து, ஆறும் நான்குமாய்ப் பிரித்து ஓட்டினீர்கள். பதினொரு நாள் தாமதமாய்க் கூடம் திறந்தது.

அறிவின் ஆழமே! அஞ்சாமையின் அரணே! அந்தச் சுவருக்கு இப்பால் பிறந்த குழந்தைகள் எத்தனை ஆயிரம்! இவர் எங்கள் ஆள் என்று மார்தட்டிக்கொள்கிறோம்.

அந்த மனுவில் முதல் கையெழுத்திட்ட தலைமைச் செவிலிதான் இப்போது இம்மடலை வாசிக்கிறாள். என் மகளுக்கு அந்த வாரம்தான் நாள் குறித்திருந்தார்கள். அதனால்தான் அத்தனை அவசரம் எனக்கு. அந்தக் குழாய், புதுக் கூடத்தில் அவளுக்கென ஒதுக்கிய படுக்கையின் தலைமாட்டில் ஓடியது. என் பேத்திக்கு இப்போது ஆறு வயது, மனோங். மன்னியுங்கள்.

இன்றைய விருந்தின் பஞ்சித் நூடுல்ஸ் இழையாய் ஆயுள் நீள, நோய்நொடி அண்டாது, மனையாளோடும் மக்களோடும் மகிழ்ந்து வாழ்க!

இங்ஙனம்,
பெலிசா சுமகைசாய்,
அவளுக்குக் கீழே, மனுவில் ஒப்பமிட்ட மற்ற முப்பது பேரும்.