உறுமல் அண்ணன் பாட்டை நிறுத்திய மதியம்

மேடையில் அமர்ந்திருக்கும் பேருந்து நிலையக் கண்காணிப்பாளர் அவர்களே, இருபத்தாறு ஆண்டுகள் நம் உறுமல் அண்ணனின் முதுகுக்குப் பின்னால் அமர்ந்து டிரம்ஸ் அடித்த அண்ணன் அவர்களே, அவரைத் தூக்கி வளர்த்த அக்கா அவர்களே, ஓட்டுநர்களே, நடத்துநர்களே, கறுப்புச் சட்டை போட்ட என் கூட்டாளிகளே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

இந்தத் தொழிற்சங்கக் கூடத்தில் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் போல இரண்டு பக்கம் பிரிந்து உட்கார்ந்திருக்கிறோம். அந்தப் பக்கம் நீலச் சீருடை. இந்தப் பக்கம் மண்டையோடு அச்சிட்ட சட்டை. வாசலில் ஒரு நடத்துநர் என்னிடம் கேட்டார்: “ஏம்மா, எங்க அறிவிப்பாளர் நிஜமாவே அப்படிக் கத்துவாரா?” எங்கள் ஆள் ஒருவர் அதே நேரத்தில் இன்னொரு ஓட்டுநரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்: “எங்க உறுமல் அண்ணன் நிஜமாவே அவ்வளவு மெதுவா பேசுவாரா?”

பேசுவார்! கத்துவார்! நிலையத்தில் அறிவிப்பு, மேடையில் மெட்டல் இசையின் உறுமல் பாட்டு, இரண்டும் ஒரே தொண்டைதான். அந்தத் தொண்டை சென்ற மாதம் ஒன்பதாம் தேதி காலையில், பல் துலக்கிக்கொண்டிருந்தபோது, ஐம்பத்தெட்டு வயதில் நின்றுபோனது.

நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். மேடையில் பேசிப் பழக்கமில்லை. அவருடைய ரசிகை என்ற ஒரே தகுதியில் நிற்கிறேன். ரசிகை என்றால் சாதாரண ரசிகை இல்லை. கல்லூரி நாட்களில் அவர் குரலைக் கேட்பதற்காகவே நானும் என் தோழியும் பேருந்து நிலையத்துக்கு வந்து, எந்தப் பேருந்திலும் ஏறாமல் மூன்றாம் நடைமேடையில் நிற்போம். அவர் கண்ணாடி அறைக்குள்ளிருந்து எங்களைப் பார்ப்பார். பிறகு ஒலிபெருக்கியில், பால் போன்ற குரலில் வரும்: “மூன்றாம் நடைமேடையில் காரணமின்றி நிற்பவர்கள் சற்று ஒதுங்கி, பயணிகளுக்கு வழிவிடவும்.” எங்களுக்குத் தலைகால் புரியாது. எங்களைப் பற்றிப் பேசிவிட்டாரே!

நண்பர்களே, இன்று நான் சொல்ல வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நடந்த விஷயம். இருபத்தோரு ஆண்டுகள் ஆகின்றன. உள்விளையாட்டு அரங்கில் நிகழ்ச்சி. எண்ணூறு பேர் நிற்கக்கூடிய இடத்தில் ஆயிரத்து இருநூறு பேரை உள்ளே விட்டிருந்தார்கள். சீட்டு இல்லாதவர்கள் புகுந்துவிடக் கூடாது என்று இடது பக்கக் கதவைப் பூட்டியும் வைத்திருந்தார்கள். இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. நானும் தோழியும் முதல் வரிசையில், தடுப்புக் கம்பியைப் பிடித்தபடி நின்றோம்.

மூன்றாவது பாட்டு. பின்னாலிருந்து ஒரு தள்ளு. வழக்கம்தானே என்று சிரித்தேன். அடுத்த தள்ளில் என் கால்கள் தரையை விட்டு எழும்பின. கம்பி சாய்ந்தது. நான் கீழே போனேன். என்மேல் யாரோ, அவர்மேல் யாரோ. மூச்சு வெளியே போனது, உள்ளே வரவில்லை. விலாவில் ஏதோ ஒடிந்ததை, அந்தப் பேரிரைச்சலிலும், என் காதால் கேட்டேன். கத்தப் பார்த்தேன், குரல் வரவில்லை. ஆயிரம் பேர் கத்துகிற இடத்தில் ஒருத்தியின் கத்தல் நின்றால் யாருக்குத் தெரியும்?

அவருக்குத் தெரிந்தது!

எப்போதும் கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறவர், அன்று ஏன் திறந்தார்? பின்னாளில் கேட்டேன். “முன்வரிசை சத்தம் குறைஞ்சுதும்மா, அதான்” என்றார். மேடையில் நடந்ததைப் பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் அறிந்தேன்: கண்ணைத் திறந்தவர் கையைத் தூக்கினார். மேடையில் இருக்கும் டிரம்ஸ் அண்ணன் குச்சியை நிறுத்தினார். பாட்டு பாதியில் நின்றது. கூட்டம் ஊளையிட்டது. ஒரு தண்ணீர் பாட்டில் பறந்து வந்து அவர் தோளில் பட்டது. அவர் துடைத்துக்கூடக் கொள்ளவில்லை. மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு.”

அதே பேருந்து நிலையக் குரல். பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள். சிரித்தபோது தள்ளுவதை மறந்தார்கள்.

“கடைசியில நிக்கிறவங்க, உங்ககிட்டதான் பேசறேன். திரும்புங்க. வாசல் பக்கம் நடங்க. ஓட வேண்டாம், பாட்டு எங்கேயும் போயிடாது. நடுவுல இருக்கிறவங்க அப்படியே நில்லுங்க. உங்க முறை வரும், நான் சொல்றேன்.”

முன்னால் விழுந்து கிடப்பவர்களைத் தூக்க வேண்டுமானால் முதலில் பின்னால் இருப்பவர்கள் நகர வேண்டும் என்று எந்தப் பாடகருக்குத் தெரியும்? வருடம் முழுக்க நடைமேடை நெரிசலைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்குத் தெரியும்.

“இடது பக்கக் கதவு பூட்டியிருக்கு. சாவி வச்சிருக்கிறவர் இப்ப திறக்கணும்.” யாரும் திறக்கவில்லை. அதே வார்த்தை, அதே தொனி, இரண்டாம் முறை. மூன்றாம் முறை. நான்காம் முறை சொன்னபோது கதவு திறந்தது. வெளிச்சம் உள்ளே விழுந்தது. என்மேல் கிடந்த கனம் ஒவ்வொன்றாக விலகியது. பதினோரு நிமிடம் அவர் பேசினார். ஒரு முறைகூடக் குரலை உயர்த்தவில்லை. பத்தொன்பது பேருக்குக் காயம். ஓர் உயிர், ஒரே ஓர் உயிர்கூடப் போகவில்லை!

அரங்கத்துக்காரர் ஓடிவந்தாராம். “ரெண்டு பாட்டாவது பாடிடுங்க சார், இல்லன்னா அரங்கத்தையே உடைச்சிடுவாங்க.”

“உடையட்டும்” என்றாராம் இவர்.

மறுநாள் பணி முடிந்ததும், சீருடையோடு மருத்துவமனைக்கு வந்தார். என் அம்மா குடிநீர் அலுவலகத்தில் தொலைபேசியில் புகார் எடுப்பவர். ஊரார் திட்டையெல்லாம் நாள் முழுக்க வாங்கிக்கொண்டு “பதிவு செஞ்சுக்கிட்டோம் சார்” என்று சொல்லியே பழகியவர். அன்று அந்தப் பழக்கத்தைக் கைவிட்டார். “உங்க கத்தலைக் கேக்கப் போய்த்தான் என் பொண்ணு ரெண்டு எலும்பை ஒடைச்சிக்கிட்டுக் கிடக்கிறா. பாட்டாய்யா அது?”

“தப்புதாம்மா” என்றார். “உள்ள எத்தனை பேர்னு நான் கேட்டிருக்கணும். கேக்கல.”

தப்பு அவருடையதா? சீட்டு விற்றவர் அவரா? பூட்டியவர் அவரா? ஆனாலும் அடுத்தவர் பக்கம் அவர் விரல் நீளவில்லை. அம்மா குரலைத் தணித்துக்கொண்டு, “குரல் இவ்வளவு நல்லா இருக்கே, அப்புறம் ஏன் அப்படிக் கத்தறீங்க?” என்று கேட்டார்.

“நாள் முழுக்க மெதுவாவே பேசறேம்மா. எங்கயாவது ஓர் இடத்துல கத்தணும்ல?”

அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு, “உட்காருங்க” என்றார். அடுத்த நிகழ்ச்சியில், காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, சுவரோரமாக நின்று என் அம்மா கத்திய கத்தலை இங்கே பலர் கேட்டிருக்கிறீர்கள். அதில் பாட்டு எது, குடிநீர்ப் புகார் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

அந்த அடுத்த நிகழ்ச்சி உடனே நடக்கவில்லை. கதவுகள் திறந்திருக்க வேண்டும், தலை எண்ணி விட வேண்டும், முன்வரிசையில் பயிற்சி பெற்றவர்கள் நிற்க வேண்டும், அதுவரை பாட மாட்டேன் என்றார். பதினான்கு மாதம் பாடவில்லை! கிதார் வாசித்தவர் கோபித்துக்கொண்டு வேறு குழுவுக்குப் போனார். அவர் இன்று மூன்றாவது வரிசையில் கண் சிவக்க உட்கார்ந்திருக்கிறார். அதற்குமேல் நான் என்ன சொல்ல?

முன்வரிசைக்கு ஆள் தேடியபோது நான் போய் நின்றேன்.

“எலும்பு?” என்று கேட்டார்.

“ஒட்டிடுச்சுண்ணே.”

“சரி. மேடையைப் பாக்கக் கூடாது. எனக்கு முதுகைக் காட்டிட்டு நில்லு. முகங்களைப் பாரு. கத்தறவங்க நல்லா இருக்காங்க. கத்தாம இருக்கிறவங்களைத்தான் தூக்கணும்.”

அன்று முதல் நின்றேன். என்னோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர் நின்றோம். மயங்கியவர்களைக் கம்பிக்கு மேலாகத் தூக்கியிருக்கிறோம், தண்ணீர் கொடுத்திருக்கிறோம், தொலைந்த செருப்பைக்கூடத் தேடிக் கொடுத்திருக்கிறோம். இந்த ஆண்டுகளில் எங்கள் நிகழ்ச்சிகளில் ஒருவருக்கும் ஓர் எலும்பு முறியவில்லை. அவர் பாடிய பாட்டுகளை நீங்கள் எண்ணிக்கொள்ளுங்கள். நான் இதை எண்ணி வைத்திருக்கிறேன்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு, அவருக்காக டிரம்ஸ் அண்ணன் நிகழ்ச்சி நடத்துகிறார். பாடுவதற்கு ஆள் இல்லை, நீங்கள்தான் பாட வேண்டும். கதவுகள் எல்லாம் திறந்திருக்கும். தலை எண்ணித்தான் உள்ளே விடுவோம். நீலச் சீருடைக்காரர்கள் பத்துப் பேர் எங்களோடு நிற்பதாக இன்று காலை பெயர் கொடுத்திருக்கிறார்கள். அவரால் உயிர் பிழைத்த நான், இந்த வேலையை விட மாட்டேன் என்று உங்கள் முன்னால் சொல்கிறேன்.

ஓர் உண்மையையும் சொல்லிவிடுகிறேன். அவருக்கு முதுகைக் காட்டி நிற்கத் தொடங்கிய பிறகு, இத்தனை ஆண்டுகளாக, அவர் பாடுவதை நான் பார்த்ததே இல்லை. அவர் எப்படித் தலையை ஆட்டினார், எப்போது மண்டியிட்டார், எனக்குத் தெரியாது. நான் பார்த்ததெல்லாம் உங்கள் முகங்களை. அவர் அடித்தொண்டையில் இறங்கும்போது உங்கள் கண்கள் விரியும். அவர் சிரித்தால் நீங்கள் சிரிப்பீர்கள். இன்று கூடம் முழுக்க அந்த முகங்களைத்தான் பார்க்கிறேன். ஒருவரும் கத்தாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

கத்தாதவர்களைத் தூக்கச் சொல்லித்தான் அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். எழுந்திருங்கள்.