ஒரே டோக்கன்

இல்ல சிஸ்டர், மொதல்ல கதவச் சாத்துங்க. எழுதுறத அப்புறம் வச்சுக்கலாம். ஆமா, இதெல்லாம் யாரு கேக்கச் சொன்னா? எங்க லைன் சூப்பர்வைசரா? நீங்களாத்தான் கேக்குறீங்களா? சரி, நம்புறேன்னே வச்சுக்கோங்க.

தொடை இடுக்குலதான், ரெண்டு பக்கமும். மாசாமாசம் அந்த நாள் வந்தாப் போதும், செவந்து, தோலு உரிஞ்சு, மொளகாப்பொடி தூவுன மாதிரி எரியுது. தையல் மெஷின் பெடல மிதிக்கறப்ப உசுரே போகுது.

பேடா? கம்பெனி குடுக்குறதுதான், வாசன போட்டது. அதுமேலதான் மொதல்ல சந்தேகம். வேற வாங்கிப் பாத்தேன். சோப்ப மாத்துனேன். துணியில எதையோ போட்டுத் தொவைக்கிறாளோன்னு எங்க நாத்தனார்கூடப் பேச்ச நிறுத்திட்டேன், பாவம். எதுக்கும் அடங்கல. ஆனா அந்த நாள் லீவுல வந்தா மட்டும் எரிச்சலே இல்ல. வீட்ல வேணுங்கறப்ப மாத்திக்கிறேன்ல.

இங்கயா? நல்லாக் கேட்டீங்க! காலையில வச்சதுதான் சாயங்காலம் வரைக்கும். ஏன்னு கேக்குறீங்களா? எங்க பக்கம் வந்ததே இல்லியா நீங்க? லைனுக்கே ஒரே டோக்கன். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மரக்கட்டை, சூப்பர்வைசர் மேசையோரம் ஆணியில தொங்கும். பாத்ரூம் போகணும்னா அவருகிட்ட நின்னு அதக் கேட்டு வாங்கணும். ‘இப்பதானம்மா போனே?’ம்பாரு, மைக்கே வேண்டாம் அவருக்கு. மொத்த லைனும் திரும்பிப் பாக்கும். பேட முந்தானைக்குள்ள மறைச்சுக்கிட்டு அங்க நிக்கறதுக்கு எரிச்சலே தேவலாம்னு உக்காந்துடுவோம். காஜா போடுற அக்காவுக்கும் இதே கததான். பயம், உங்ககிட்ட வரமாட்டாங்க. பேடு சரியில்லன்னு எழுதி முடிச்சுடாதீங்க சிஸ்டர், அதுக்குத்தான் இவ்வளவும் சொல்றேன்.

இன்னிக்கா? இன்னிக்கு மூணு தடவ மாத்திட்டேனே! டோக்கனக் காணோம்ல. காலையிலேர்ந்து மனுஷன் மேசைக்கடியில தவழ்றாரு. இல்லாத டோக்கன வாங்கிட்டுப் போன்னு எப்படிச் சொல்வாரு? அக்காகூட ஜம்முனு எந்திரிச்சுப் போயிட்டு வந்துச்சு.

ஆமா, சாயங்காலம் கேட்டுல எல்லார் பையையும் சோதிக்கப் போறாங்களாம். சோதிக்கட்டும். வாட்ச்மேன் அண்ணன் டிபன் பாக்ஸக்கூடத் தொறந்து பாப்பாரு. பேடு பாக்கெட்டு கண்ணுல பட்டா மட்டும் மூஞ்சியத் திருப்பிக்குவாரு.

அந்தக் களிம்ப என் பையிலயே போட்டுடுங்க. ஐயோ, பேடு பாக்கெட்ட அழுத்தாதீங்க சிஸ்டர், கட்டை முனை கிழிச்சுடும்.