வாயில் இறுக்கம், உள்ளே அகலம்

கட்டைவிரல் காலையில் ஒரு அளவு, சாயங்காலம் ஒரு அளவு. பத்துக் கட்டைகளைப் பந்து உருட்டி வீழ்த்தும் பவுலிங்கில், துளைக்குள் விரலை விட்டு உருட்ட உருட்ட அது வீங்கும். பந்தில் துளை போடுகிறவன் அதற்கு இடம் விட்டுத்தான் போட வேண்டும். புரூக்ளினில் இருபத்திரண்டு வருஷம் அதைத்தான் செய்தேன், ஐயா. ‘பந்து நிபுணர்’ என்று இருநூறு அட்டை அடித்தேன். நூற்றுத் தொண்ணூறு இன்னும் வீட்டில் இருக்கிறது.

நன்சியோ என் ஆள். பந்தயம் கட்டி ஆட ஊர் ஊராகப் போவோம். ஒன்றும் தெரியாதவன்போல முதல் ஆட்டத்தில் தோற்பான். பந்தயம் ஏறியதும் சுயரூபம் காட்டுவான். தோற்கும்போது பக்கத்தில் நின்று அவனைத் திட்டுவது என் வேலை.

“ஏன்டா, உங்கம்மா உருட்டினாலே ரெண்டு கட்டை விழுந்திருக்கும்.”

“கூட்டிட்டு வரவா? உன் மூஞ்சியப் பாத்தா அவ அப்பிடியே திரும்பிடுவா.”

கூட்டம் சிரிக்கும். திரும்பும்போது காரில் ஒரே ரொட்டியைப் பிட்டுத் தின்போம். வாரத்தில் நான் இன்னொருவரோடு சாப்பிடுவது அந்த ஒரு வேளைதான். குறையாகச் சொல்லவில்லை.

மார்ச்சில் சொன்னான்: “மோர்ட்டி, சிகாகோவில கூப்பிட்டிருக்காங்க. நெசமான போட்டி, டிவியில வரும். புதுப் பந்து ஒண்ணு போட்டுக் குடு.”

“நானும் வரவா?”

“அங்க வந்து யாரத் திட்டுவ? அங்க தோக்குற மாதிரி நடிக்க முடியாதுடா.”

நியாயமான பேச்சு. நான் கோபப்படவில்லை.

துளையின் வாயை எல்லோரும் இழைத்து வழவழப்பாக்குவார்கள். நான் வாயை அப்படியே விட்டு, உள்ளே அகலமாகக் குடைந்தேன். வீங்காத விரலுக்கு வித்தியாசம் தெரியாது. வீங்கிய விரல் அழுத்தினால் உள்ளே போகும், வெளியே வராது. பணத்துக்கு ஆடுகிறவன் பந்தில் அடுத்தவன் விரல் பட்டால் ராசி போய்விடும் என்பார்கள். அதனால் யாரும் விரல் விட்டுப் பார்க்கவில்லை.

கிளம்புமுன் அந்தப் புதுப் பந்தோடு கடைசியாக ஒரு பந்தயம். ஆறாவது ஆட்டத்தில் பதினாறு பவுண்டு பந்து அவன் கையை விட்டுப் போகவில்லை. அவன்தான் பந்தோடு போனான். மூட்டு பிய்ந்தது, சீழ் பிடித்தது, விரலை எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் சம்மதக் கையெழுத்துக்கு வேண்டப்பட்டவர் யார் என்று கேட்டார்கள். நான்தான் போட்டேன்.

இப்போது ஞாயிறுதோறும் போய் அவனுக்கு இறைச்சி நறுக்கிக் கொடுக்கிறேன். “நீ ஒருத்தன்தான்டா வர்ற,” என்றான் போன வாரம்.

பந்தை நீங்கள் அறுத்தே பார்த்துவிட்டீர்கள். ஆமாம், தெரிந்தேதான் குடைந்தேன்; எழுதிக்கொள்ளுங்கள். அவனிடம் மட்டும் சொல்ல வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நான் போகாவிட்டால் தவித்துப்போவான். பாவம், தனிமையைத் தாங்கத் தெரியாதவன்.