பீடிக் கட்டில் ஒரு முகம்

இன்று காலை கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் போகும் ரயிலில், மூன்றாம் வகுப்பில், என் எதிர்ப் பலகையில் இருவர் இருந்தார்கள். ஒருவர் கடை கடையாகப் போய் லேபிள் படம் வரைந்து கொடுப்பவர். அவர் விரல்களில் சிவப்புச் சாயம் இருந்தது. மற்றவர் அவருடைய மனைவியின் அண்ணன். வண்டி புறப்பட்டதும் அண்ணன் சொன்னார்:

“என் தங்கச்சிய ஊரே பிரிச்சு எறிஞ்சு, கால்ல மிதிச்சிட்டுப் போகுது, மாப்ளே.”

“மெதுவாப் பேசுங்க மச்சான்.”

“பீடிக் கட்டு ஒவ்வொண்ணுலயும் அவ முகத்த ஒட்ட வச்சிட்டு, நான் மெதுவாப் பேசணுமா?”

“முதலாளி பொம்பள படம்தான் வேணும்னாரு. எனக்கு உக்காந்து காட்ட வேற யாரு வருவா? மூக்குத்திய விட்டுட்டா தெரியாதுன்னு நெனச்சேன்.”

“தண்ணி புடிக்கிற பைப்படியில தெரிஞ்சிருச்சு. எல்லாரும் சிரிச்சிருக்காளுங்க. கோவிச்சுக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்தவ வாசலத் தாண்ட மாட்டேங்கிறா.”

பக்கத்தில் இருந்த ஒருவர் தம் கையிலிருந்த பீடிக் கட்டை மெல்ல மடியில் செருகிக்கொண்டார். படக்காரர் அதைப் பார்த்துவிட்டுத் தலை குனிந்தார்.

“இன்னிக்கே முதலாளிகிட்ட வேற படம் தந்துடறேன். அப்போ அவ என்னோட திரும்பி வருவாளா?”

“யாரு படத்தத் தருவீங்க?”

“என் படத்தத்தான். மீசையோட.”

“அத மொதல்லயே வரைஞ்சிருக்கலாமே. வீட்டுல கண்ணாடி இல்லயா?”

கோலாலம்பூருக்குச் சற்று முன்னுள்ள பிரிக்பீல்ட்ஸ் வந்தது. படக்காரர் சன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்:

“இருக்கு மச்சான். என் மூஞ்சி கடைத்தெருவுல கெடக்குறதுக்கு எனக்கு வெக்கமா இருந்துச்சு.”