எமில்டாவின் முழங்கால் நேர்ச்சை

— முட்டிபோட்டா? இந்தக் காலை வச்சுக்கிட்டா? எமில்டாம்மா, இப்பதான் தையல் பிரிச்சிருக்கோம்.

— இன்னைக்கே இல்ல டாக்டர், திருநாளுக்குத்தான். கோயில் வாசல்லருந்து பீடம் வரைக்கும் முட்டிபோட்டு வாரேன்னு மாதாகிட்ட நேர்ந்திருக்கேன்.

— எதுக்காக?

— முட்டு நல்லாகணும்னுதான்.

— முட்டு நல்லானதுக்கு முட்டியவே தேய்க்கணுமா? நல்ல கதையா இருக்கு.

— நீங்க சாத்தான்குளத்து சி.எஸ்.ஐ. சபை ஆளு, மாதாவுக்கு நேர்ச்ச வைக்கமாட்டிய, ஒங்களுக்குப் புரியாது. கம்ப்யூட்டர் பாத்து எலும்ப வெட்டிப் புது முட்டு வைப்போம்னு சொன்னிய. எனக்கு ஈரக்கொல நடுங்கிட்டு. நடுவுல கரண்டு போச்சுன்னா?

— வெட்டுனது என் கைதான்மா. எந்தக் கோணத்துல வெட்டணும்னு கம்ப்யூட்டர் காட்டுச்சு, அவ்வளவுதான். வில்லா வளஞ்சிருந்த கால், இப்ப பாருங்க, நேரா நிக்குது. சரியா?

— எங்க வீட்டுக்காரவியளும் இதத்தான் சொன்னாவ. ஹார்பர்ல கிரேன் ஓட்டுன ஆளுல்லா. மெஷின நம்பு, மாதாவ ஏன் தொந்தரவு பண்ணுதன்னு ஒரே கேலி.

— சரியாத்தானே சொல்லியிருக்கார். என்ன இனிகோ அண்ணாச்சி, வந்ததுலருந்து நின்னுக்கிட்டே இருக்கீங்க? உக்காருங்க.

— இருக்கட்டும் டாக்டர். நீங்க அவளப் பாருங்க.

— எமில்டாம்மா, முட்டிபோட்டு நடக்க நான் சம்மதிக்கவே மாட்டேன். மெழுகுவர்த்தி ரெண்டு கூடுதலா ஏத்துங்க, சரியா?

— மாதாகிட்ட பேரம் பேசச் சொல்லுதியளா? வாக்கு குடுத்தாச்சு. அத மீறிட்டு இந்தக் காலோட எப்பிடிப் போயி அவ முன்ன நிப்பேன்? நெனச்சு நெனச்சு எனக்கு ஒறக்கமே இல்ல.

— ஏளா, ஒனக்குப் பதிலா வேற ஆளு போலாமான்னு பங்குச்சாமிகிட்ட கேட்டேன். போலாம், திருநாளுக்கு முந்தியே செஞ்சாலும் சரிதான்னுட்டாரு.

— ஆரு போவா? நீங்களா? கோயிலுக்கு வந்தா கடைசித் தூணப் புடிச்சுட்டு நிக்கிற ஆளு.

— போயாச்சு. நேத்து விடியக்காலம், ஆளு வாரதுக்கு முந்தி.

— மாதாவே. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல.

— அதான் உக்கார முடியலையா அண்ணாச்சி? வேட்டியக் கொஞ்சம் தூக்குங்க. ரெண்டு முட்டும் இப்பிடி வீங்கிக் கெடக்கு. ஒரு நடைக்கு இவ்வளவு வீங்காதே.

— ரெண்டு நட டாக்டர். மொத நட அவ நேர்ச்ச. ரெண்டாவது என்னோடது. அவள ஆப்பரேசனுக்கு உள்ள கொண்டுபோயிக் கதவ அடச்சதும் எனக்கு எந்த மெஷினும் ஞாபகத்துக்கு வரல.