கிணத்து ஆப்

இல்ல தாயி, பேரனைச் சேக்க வரலை. நான்தான் சேந்திருக்கேன். வாசப் போர்டுல புதுசா ஆப் எழுதக் கத்துக்கிறவுகளுக்குன்னுதான போட்டிருக்கு, வயசு போடலையே. அஞ்சாப்பு வரைக்கும் படிச்சிருக்கேன், எழுத்துக் கூட்டி வாசிப்பேன். நேத்தும் இன்னைக்கும் கடைசி பெஞ்சுல ஒக்காந்து நீ சொன்னதை எல்லாம் கேட்டேன்ல? மத்த பயலுக பூராம் போனைத் தடவிக்கிட்டே இருந்தானுக. நான் தடவுனேனா?

சிரிக்காத. எல்லாரும் போகட்டும்னுதான் நின்னேன். எனக்கு ஆப் எழுத வேணாம். எழுதி வச்சிருக்கிற ஒரு ஆப்பைக் கெடுக்கணும். அதுக்கு எம்புட்டுப் படிக்கணுமோ அம்புட்டுப் படிச்சாப் போதும்.

யாரு ஆப்பா? எங்கண்ணன் மகன் ஜெயபாண்டின்னு ஒருத்தன், மெட்ராஸுல கம்பெனில இருக்கான். திருச்சுழிப் பக்கம் எங்களுக்கு ஒரு கெணறு. எனக்கும் எங்கண்ணன் பால்ச்சாமிக்கும் பொதுவு. ஒரே மோட்டாரு. அவன் ஒரு மொறை பாச்சுவான், நான் ஒரு மொறை. பொங்கலுக்கு வந்த பய சும்மா இருந்தானா? ஸ்டார்ட்டர் டப்பாக்குள்ள ஒரு சிம்மைச் சொருகி, எங்க ரெண்டு பேரு போன்லயும் இந்தக் கருமத்தை ஏத்தி விட்டுட்டான். நம்ம மொறை வந்தா பட்டன் பச்சையா வரும். அமுக்குனா மோட்டாரு ஓடும். அடுத்தவன் மொறைன்னா சாம்பக் கலர்ல செத்துக் கெடக்கும். அவன் மொறை முடிஞ்சா நமக்கு டிங்குனு ஒரு மணி. த்தூ. நாய்க்குத் தட்டைத் தட்டிக் கூப்புடுற மாதிரி.

சவுரியம்தானன்னு நீயும் சொல்லுவ. ஊரே அதைத்தான் சொல்லுது. கட்டில்ல படுத்துக்கிட்டே தண்ணி பாச்சலாமாம். மடை ஒடைச்சுக்கிட்டா பட்டனா வந்து மம்பட்டி புடிக்கும்?

மொதல்ல நான் அதை அழிச்சேன். அழிச்சிட்டு, ஒழிஞ்சது சனியன்னு கெணத்துக்குப் போனா, மோட்டாரு பாட்டுக்கு ஓடுது. அண்ணன் மொறை. ஒரு எடத்துல பியூசைப் புடுங்குனா தெருவே இருட்டாகும்ல, அப்பிடி எல்லாருக்கும் போயிரும்னு நெனச்சேன். என் பட்டன் மட்டும்தான் போச்சு. என் மொளகாச் செடி தலையத் தொங்கப் போட்டுருச்சு. பெறகு எம் பொண்டாட்டி செல்லக்கிளி என்னைய அருப்புக்கோட்டைக்கு இழுத்தாந்து, ஒரு கடையில திரும்ப ஏத்த வச்சா. பஸ்ஸுல வழி நெடுக வசவு. கண்டக்டர் கூடச் சிரிக்கான்.

நேத்து நீ சொன்னப்பதான் வெளங்குச்சு. கையில இருக்கிறது வெறும் மொகந்தான், சோலி நடக்கிறது வேற எங்கயோ ஒரு கம்ப்யூட்டர்லன்னு. எங்கய்யா வெட்டுன கெணத்துக்கு, மொகம் தெரியாத பொட்டி ஒண்ணு உத்தரவு போடுது. அந்தப் பெர்மிசன் கண்றாவி வேற. என்ன ஏதுன்னு தெரியாம எல்லாத்துக்கும் சரி சரின்னு அமுக்கித் தொலைச்சிருக்கேன். நான் எங்க நிக்கிறேன்னு பாக்குறதுக்குக் கூடவா சம்மதம் குடுத்தேன்? மோட்டாரு போட, நான் நிக்கிற எடம் எதுக்கு? எழுதுனவனே தாறுமாறா அமுக்கிப் பாத்துச் சோதிக்கணும்னியே, நான் சோதிச்சுட்டேன். சாம்பப் பட்டனைப் பெருவெரல் வலிக்க அமுக்குனேன். அசையலை. பய கெட்டியாத்தான் எழுதியிருக்கான்.

எங்கண்ணன்கிட்டப் பேசுறதா? பேச்சுவார்த்தையே கெடையாது. அந்த ஜெயபாண்டிப் பய காதுகுத்துல இருந்து. பத்திரிகையில என் பேரைக் கொண்டு போயி, அவன் மச்சினனுக்கும் கீழ, பலசரக்குக் கடைக்காரருக்கும் கீழ போட்டான். கூடப் பொறந்தவன் பேரு! கேட்டா, அச்சடிச்சவன் தப்பாம். அச்சடிச்சவனா எனக்கு அண்ணன்? பந்தியில கை நனைக்காம எந்திரிச்சு வந்தேன். பயலுக்கு இப்பக் கல்யாணமாகிப் புள்ளையே பள்ளிக்கூடம் போகுது. எனக்கு இன்னும் ஆறலை. ஆறாது.

பெறகு எப்பிடி ஒரே கெணத்துல பாச்சுனோம்னா? பகை வேற, தண்ணி வேற. எங்கய்யா போட்ட கட்டு ஒண்ணு இருக்கு. ஒருத்தன் மொறை முடிஞ்சா, அவனே கெணத்து மேட்டுல நின்னு, அடுத்தவன் பேரைச் சொல்லிக் கூப்புட்டுத் தண்ணியக் குடுக்கணும். ஆள் விட்டுச் சொல்லக் கூடாது. கூப்புடாத தண்ணிய, கெணறு தளும்பி நின்னாலும் தொடக் கூடாது. காதுகுத்து முடிஞ்ச மறு மொறைக்கே வந்து நின்னான். மொகத்தை அங்கிட்டுத் திருப்பிக்கிட்டு, ஏலே மாரிச்சாமி, தண்ணிய வாங்கிக்கடான்னு ஒரு கத்து. வாங்கிட்டேன்னு நானும் ஒரு கத்து. அண்ணேன்னு சேக்க மாட்டேன். அம்புட்டுத்தான் பேச்சு. எங்காத்தா செத்த வீட்டுல கூட ஒருத்தருக்கொருத்தர் வாயத் தொறக்கலை. ஆனா காரியம் முடிஞ்சதும் மேட்டுல வந்து கூப்புட்டான். தொண்டையா அது, தகரத்தைத் தரையில இழுத்த மாதிரி.

ஜெயபாண்டியவே மாத்தித் தரச் சொல்றதா? அவன்கிட்டப் போயி நான் என்னன்னு கேப்பேன்? நல்லாச் சொன்ன போ. அவன், ஆவணி பொறந்தா அப்பனையும் மெட்ராஸுக்குக் கூட்டிட்டுப் போறானாம். இங்க கூலிக்கு ஆள் வச்சுக்கிட்டு, பட்டனை அங்கேருந்தே அமுக்கிக்கிடுவாகளாம்.

மணிய நிப்பாட்டிப் பாத்தாச்சு தாயி. பிரயோசனம் இல்ல. என் போன்ல அடிக்காட்டியும், அண்ணன் போன்ல, தம்பிக்குத் தகவல் போயிருச்சுன்னு எழுத்து வருதாம். செல்லக்கிளிதான் எங்க மதினிகிட்டக் கேட்டுட்டு வந்து சொன்னா. பொம்பளைக பேசிக்கிடுவாக. அந்த எழுத்தைப் பாத்துட்டு அவன் பாட்டுக்குத் திரும்பிப் படுத்துக்கிடுறான்.

அதை மட்டும் மாத்தணும். தகவல் போகலைன்னு அவன் போன்ல வரணும். ஆவணிக்குள்ள ஒரு வாட்டி வந்தாப் போதும். அதுக்கு எதெதப் படிக்கணுமோ அதை மட்டும் சொல்லிக் குடு, மத்தது எனக்கு வேணாம். போகலைன்னு வந்தா, மனுசன் எந்திரிச்சுக் கெணத்து மேட்டுக்கு வந்துதான ஆகணும்? வந்தா, என் பேரைச் சொல்லிக் கூப்புட்டுத்தான ஆகணும்?

பொங்கல்ல இருந்து கூப்புடலை.