லேக் வியூ நகர்

செங்கல்பட்டு போகும் மின்சார ரயில் தாம்பரத்தில் கிளம்பாமலே நின்றது. எதிர் சீட்டில் ஓர் அண்ணனும் தங்கையும். தங்கை மடியில், அவள் ஆபீசில் பிரிண்ட் எடுத்த இரண்டு செயற்கைக்கோள் படங்கள்.

“மேலேந்து பாத்தா, நீ வாங்கின மனை தண்ணிக்குள்ள இருக்குண்ணா,” என்றாள்.

“அன்னிக்கு நிலநடுக்கத்துல கட்டில் ஆடிச்சேன்னுதான் உன்கிட்ட கேட்டேன். மனைக்கு அடியில பூமி விரிசல் ஓடுதா இல்லையா, அத மட்டும் சொல்லு.”

“விரிசல் எங்கயோ தள்ளிதான் இருக்கு. ஆனா இந்தப் பழைய படத்துல கறுப்பா இருக்கு பாரு, அது ஏரி. புதுப் படத்துல அதே இடத்துல உங்க நகர். ஏரிச் சேத்துமேல மண்ணக் கொட்டி மனை போட்டு வித்திருக்கான். லேசா ஆடினாக்கூட அங்கதான் ஜாஸ்தியா ஆடும்.”

“அப்ரூவல் குடுத்தவனுக்கு இன்னா, கண்ணு அவிஞ்சா போச்சு?”

“அவன விடு. லேக் வியூ நகர்னு புரோக்கர் போர்டு வச்சிருந்தானே, லேக் எங்கடான்னு நீ கேட்டியா?”

அண்ணன் படத்தைக் கசக்கினார். பெட்டி முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

“கேட்டேன். ‘அது மேலதான் சார் நிக்கிறீங்க’ன்னு சிரிச்சான் அந்த புரோக்கர். நானும் சேந்து சிரிச்சேன்.”